தீ அபாய மதிப்பீட்டைக் கட்டட உரிமையாளரே செய்துகொள்ளலாமா, ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டுமா?

ஒற்றைப்படி:

தரைத்தளத்தில் ஒரு துணிக்கடை. மேலே இரண்டு மாடிகளில் நான்கு வாடகை வீடுகள். எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு. பழைய கான்கிரீட் கட்டடம். நடுவில் ஒருமுறை கடைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, வயரிங்கில் ஒரு பகுதியை மாற்றியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி இப்போது தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் கேட்கிறது.

இணையத்தில் கிடைக்கும் படிவத்தை எடுத்து, நானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து நிரப்பிக் கொடுத்தால் போதுமா? இல்லை, இதையே தொழிலாகச் செய்பவரை வைத்துத்தான் செய்ய வேண்டுமா? நானே செய்தால் என் கண்ணில் எது படும், எது படாது? படிவத்தில் ‘சாத்தியம் 1 முதல் 5, பாதிப்பு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கு’ என்று இருக்கிறது. அங்கே எதை வைத்து எண் போடுவது என்றும் சொல்லுங்கள்.

அளவுகோல்:

இதில் இரண்டு கேள்வி கலந்திருக்கிறது. பொறுப்பு யாருடையது என்பது ஒன்று, வேலையை யார் செய்வது என்பது இன்னொன்று. பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளருடையதுதான், அல்லது கட்டடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருடையது. ஆள் வைத்துச் செய்தாலும் அது கைமாறாது. உதாரணத்துக்கு இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2005-ஆம் ஆண்டின் தீ பாதுகாப்பு ஆணை ‘பொறுப்பாளர்’ என்று ஒருவரைக் கைகாட்டுகிறது. 2023 அக்டோபரிலிருந்து மதிப்பீட்டை முழுமையாக எழுத்தில் வைக்க வேண்டும். அப்படியும், பொறுப்பாளரே செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. உங்கள் இடத்து விதி வேறாக இருக்கலாம், அதை முதலில் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று சில பாலிசிகளில் அங்கேயே இருக்கும்.

வேலையை யார் செய்வது என்பதற்கு என் கணக்கு இது. ஆட்கள் தூங்காத இடம், ஒரே தளம், நிற்கிற இடத்திலிருந்தே வெளிவாசல் தெரிகிறது என்றால் உரிமையாளரே தாராளமாகச் செய்யலாம். மேலே ஆட்கள் தூங்குகிறார்கள், இறங்க ஒரே படிக்கட்டு, கீழே சரக்கு நிறைந்த கடை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு தடவையாவது அனுபவமுள்ளவர் பார்த்தாக வேண்டும். உங்கள் கட்டடம் இந்த வகை. ஆனால் அவர் வருவதற்கு முன்னால் நீங்களே முழுசாக ஒன்று எழுதி வையுங்கள். படிக்கட்டு கேட்டை ராத்திரி யார் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், கடையில் எந்த மாதம் சரக்கு கூரை வரை ஏறுகிறது என்பதெல்லாம் அரை நாள் வந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

படிவத்துக்கு வருவோம். 3×4=12 என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 12-ஐ 8 ஆக்க என்ன செய்ய வேண்டும் என்று அந்த எண் சொல்லாது. பார்ப்பவர் மனநிலையைப் பொறுத்து அதுவே 6 ஆகவும் 15 ஆகவும் மாறும். கட்டம் இருக்கிறதே என்று நிரப்புங்கள், ஆனால் பக்கத்திலேயே வாக்கியமாக எழுதுங்கள்: ‘முதல் மாடி 2-ஆம் வீட்டுக் கதவு தானாக மூடுவதில்லை. உள்ளே தீப்பிடித்து வீட்டுக்காரர் திறந்து ஓடினால் புகை நேரே படிக்கட்டில் இறங்கும். குளோசர் மாட்ட வேண்டும். பொறுப்பு இன்னார், கெடு இந்தத் தேதி.’ முடித்த பிறகு போட்டோவும் முடித்த தேதியும். ஒவ்வொரு குறைக்கும் இப்படி நாலு வரி இருந்தால் அதுதான் மதிப்பீடு. கட்டங்கள் மட்டும் நிரம்பியிருந்தால் அது வெறும் படிவம்.

எர்த்_வயர்:

அளவுகோல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மின்சாரப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உரிமையாளர் ஏமாறுவது அங்கேதான். பேனல் கதவைத் திறந்து, எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக விழும் பிரேக்கர்) எல்லாம் வரிசையாக இருக்கிறது என்று ஒரு டிக் போட்டு மூடிவிடுவார்கள்.

பேனலில் அதிகம் தீ வைப்பது லூஸ் கனெக்‌ஷன். டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தால் அந்த இடத்தில் தடை ஏறும். 16 ஆம்பியர் ஓடுகிற லைனில் வெறும் 0.1 ஓம் தடை வந்தால் போதும்: 16×16×0.1, அதாவது ஏறக்குறைய 25 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னை அந்த ஸ்க்ரூவின் மேல் நாளெல்லாம் வைத்திருப்பதற்குச் சமம். சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரிக்கானது. அது பழுப்பேறி, மொறுமொறுப்பாகி, உதிரும். இத்தனைக்கும் எம்சிபி விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியும் விழாது, ஏனென்றால் கசிவு இல்லை. ‘பிரேக்கர் இருக்கிறது, ஏதாவது ஆனால் விழுந்துவிடும்’ என்ற தைரியம் இந்த இடத்தில் செல்லாது.

நீங்கள் பார்க்கக்கூடியவை: கவர் வெளியே பழுப்பு நிறத் தடம், மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் வாடை, தொட்டால் சூடாக இருக்கும் பிளக், மினுக்கும் விளக்கு. கவரைக் கழற்றும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. அவரிடம் கேட்க வேண்டியது, முழு லோடு ஓடும் நேரத்தில் தெர்மல் கேமராவில் பார்த்த படம். ஒரே மாதிரி லோடு உள்ள இரண்டு டெர்மினலுக்கு நடுவே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் கடை திறக்கும் முன் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது; ஏசி எல்லாம் ஓடி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, எம்சிபி அளவும் வயர் அளவும் பொருந்துகிறதா என்பது. அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டிருப்பார்கள். அதில் போவது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால், இனி பிரேக்கர் விழுவதற்கு முன் வயர் உருகும். வயரிங்கில் பாதிதான் மாற்றியது என்கிறீர்கள். புது வயரும் பழைய வயரும் சேரும் ஜாயின்ட் எங்கே இருக்கிறது? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பெட்டி இல்லாமல் வெறும் டேப் சுற்றித் தொங்குவதற்கு வாய்ப்பு அதிகம். கடையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு டைலைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கு நிபுணர் வேண்டாம், ஏணி போதும்.

ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

தணல்:

மேலே ஆட்கள் தூங்கும் கட்டடத்தில் படிக்கட்டுதான் முக்கால்வாசி மதிப்பீடு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதவுகள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் கொஞ்சமாகத் திறந்து, ஒரு கை அகலம் மட்டும், கையை விடுங்கள். தானாக மூடி, பூட்டின் நாக்கு உள்ளே விழுந்து ‘க்ளிக்’ சத்தம் வர வேண்டும். முழுசாகத் திறந்து விட்டால் வேகத்தில் எந்தக் கதவும் மூடிவிடும். சிறு இடைவெளியிலிருந்து மூடுகிறதா என்பதுதான் சோதனை. அப்படி மூடவில்லையென்றால் குளோசர் பலவீனம், அல்லது கீல் தொங்கிக் கதவு தரையில் உரசுகிறது, அல்லது நாக்கு சட்டத்தின் ஓட்டைக்கு நேராக இல்லை. குளோசரில் எண்ணெய் கசிந்திருந்தால் திருகிப் பயனில்லை, மாற்ற வேண்டும். லண்டன் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவர் பேனல் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். ஆனால் பல வீட்டுக் கதவுகளில் குளோசர் வேலை செய்யாததும் இல்லாததும் புகை பரவியதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் வந்தது.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கத்திலும் மேல்புறத்திலும் 3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி சரி. 4-ஐத் தாண்டினால் குறையாக எழுதுங்கள். தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று வெற்றொலி வந்தால் அது உள்ளே அட்டைக்கூடு வைத்த ஃப்ளஷ் டோர், சில நிமிடத்தில் ஓட்டை விழும். அரை மணி நேரம் தாங்கும் ஃபயர் டோர் பொதுவாக 44 மில்லிமீட்டர் தடிமன், மூன்று கீல், விளிம்பைச் சுற்றிச் சூட்டில் உப்பும் பட்டை, கூடவே புகையைத் தடுக்கும் பிரஷ். அந்த பிரஷ்ஷின் மேல் பெயின்ட் அடித்து விறைக்க வைத்திருப்பார்கள். பிரஷ் வளையாவிட்டால் புகை நிற்காது.

அடுத்தது ஓட்டைகள். கடைக் கூரைக்கும் முதல் மாடிக்கும் நடுவே கான்கிரீட் தளம் இருக்கிறது, நல்ல தடுப்பு. ஆனால் அதில் கேபிள் போக ஒரு ஓட்டை, பைப் போக ஒரு ஓட்டை என்று போட்டு, ஸ்ப்ரே ஃபோம் அடித்து மூடியிருப்பார்கள். சாதாரண பாலியூரிதேன் ஃபோம் எரியும். பிவிசி பைப் போகும் ஓட்டையைச் சுற்றிச் சிமென்ட் பூசினாலும் போதாது. பைப்பே உருகிப் போனதும் நாலு அங்குலக் குழாய் அளவுக்குப் புகைபோக்கி திறந்துவிடும். அதற்கென்று காலர் இருக்கிறது. சூட்டில் உப்பி, உருகும் பைப்பை நெரித்து ஓட்டையை அடைத்துவிடும். கேபிளுக்குக் கனிமக் கம்பளியும் ஃபயர் சீலன்ட்டும். மதிப்பீடு எழுதிய மறுவாரம் இன்டர்நெட் கேபிள் போட ஒருவர் வந்து புதுசாக ஓட்டை போட்டுவிட்டுப் போவார், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, படிக்கட்டின் உச்சி. சூடான புகை மேலேதான் ஏறும். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தால் மேலிருந்து கீழ்நோக்கி நிரம்பிக்கொண்டே வரும், கடைசி மாடிக்காரர்தான் முதலில் மாட்டுவார். அந்தக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். திருகும் குமிழ் தாழ்ப்பாள் போதும், பூட்டு வேண்டாம். ‘சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது’ என்பதை நான் ஏற்பதில்லை, புகையில் ஆணியும் தெரியாது. ஜன்னல் கிரில்லுக்கும் இதே விதி: ஒரு வீட்டுக்கு ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும்.

நடைபாதை:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மேலே மூவரும் எழுதியதைப் படித்துவிட்டு, இவ்வளவுதானே, நானே செய்துவிடலாம் என்று கேட்டவர் கிளம்பிவிடக் கூடாது. உரிமையாளருக்கு இரண்டு இடைஞ்சல். பழகிய கண்ணுக்குக் குறை தெரியாது. தெரிந்தாலும், எழுதினால் செலவு தன் தலையில் விழும் என்று கை தானாக மென்மையாக எழுதும். கட்டடத்தில் தீத்தடுப்பு எங்கே எப்படி இருக்க வேண்டும் என்பது வரைபடம் படிக்கத் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. வெளிச்சுவரில் அலுமினியப் பேனல் ஒட்டியிருந்தால் உள்ளே எரியும் பாலிஎத்திலீனா, எரியாத கனிமமா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும்.

அதே சமயம், ஆள் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. கிரென்ஃபெல் விசாரணையின் 2024 அறிக்கை, மதிப்பீட்டாளர்களுக்குக் கட்டாயத் தகுதிச் சான்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. காரணமில்லாமல் அல்ல. ஆளைப் பிடிக்கும்போது இவற்றைப் பாருங்கள். கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கட்டடத்துக்கு அவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துத் தரச் சொல்லுங்கள். அதில் போட்டோவோடு, எந்தக் கதவு, எந்த ஓட்டை என்று இருந்தால் நல்லது. ‘தீயணைப்பான்கள் போதுமானவை, பணியாளருக்குப் பயிற்சி அளிக்கவும்’ என்று எந்தக் கட்டடத்துக்கும் பொருந்துகிற வரிகளாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அவரே எக்ஸ்டிங்குவிஷரும் அலாரமும் விற்பவர் என்றால், அறிக்கை எதில் போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். தொழில்முறைக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எதுவரை பார்க்கப் போகிறார் என்பதை எழுத்தில் வாங்குவது. இங்கிலாந்தில் அடுக்குமாடிக்கு நாலு வகை சொல்வார்கள்: ஒன்று, பொதுப்பகுதி மட்டும், எதையும் உடைக்காமல்; இரண்டு, பொதுப்பகுதி மட்டும், சில இடம் திறந்து; மூன்று, பொதுப்பகுதியோடு வீடுகளின் உள்ளேயும், உடைக்காமல்; நான்கு, இரண்டையும் சில இடம் திறந்து. பணம் குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டு, எல்லாம் பார்த்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். அறிக்கையின் கடைசியில் ‘வரம்புகள்’ என்று சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். ‘கூரைக்கு மேல் பார்க்கவில்லை, மூன்றாம் வீடு பூட்டியிருந்தது’ எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஒற்றைப்படி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, அலாரம் எதுவும் இப்போது இல்லை. பேட்டரியில் ஓடும் ஸ்மோக் அலாரம் வாங்கிப் படிக்கட்டில் மாட்டினால் போதுமா? இரண்டு, எக்ஸ்டிங்குவிஷர் எத்தனை, எங்கே? மூன்று, படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் போர்டு இருக்கிறது, அதை ஒட்டியே வாடகைக்காரர்கள் இரண்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சார்ஜ் போடுகிறார்கள். இது பரவாயில்லையா?

அளவுகோல்:

அலாரம்: படிக்கட்டில் மட்டும் மாட்டினால், கடையில் பிடித்த தீ படிக்கட்டுக்குப் புகையாக வந்த பிறகுதான் கத்தும். அப்போது இறங்க வழி இருக்காது. கடை, படிக்கட்டின் ஒவ்வொரு தளம், ஒவ்வொரு வீட்டின் நுழைவு ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும். வீட்டு நுழைவில் இந்தப் பொது இணைப்புக்கு சூட்டுக்குக் கத்தும் ஹீட் டிடெக்டர் போடுங்கள், புகைக்குக் கத்தும் ஸ்மோக் வேண்டாம். யாரோ அடுப்பில் எதையோ தீயவிட்டால் கட்டடமே இறங்க வேண்டிவரும். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாம் தடவை ஒருவரும் எழ மாட்டார்கள், யாராவது வயரையே பிடுங்கிவிடுவார்கள். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தனியாக, அந்த வீட்டோடு நிற்கும் ஸ்மோக் அலாரம். தூங்குபவரை எழுப்பத் தலையணைப் பக்கத்தில் 75 டெசிபல் வேண்டும் என்பது வழக்கமான அளவு. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அளக்க வேண்டும். காது கேளாதவர் இருந்தால் அதிரும் தகடு, மின்னும் விளக்கு.

கூரையில், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி மாட்டுங்கள், மூலையில் காற்று நகராது. டெஸ்ட் பட்டன் சத்தத்தையும் மின்சாரத்தையும்தான் சோதிக்கும். தூசியும் பூச்சியும் அடைத்து உள்ளே புகை போகாமலிருந்தால் அது காட்டாது. பட்டனை வாரம் ஒருமுறை அழுத்துங்கள், வருடம் ஒருமுறை சோதனைப் புகை ஸ்ப்ரே. பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும், 10 வருடம் ஆனால் கத்தினாலும் மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்டிங்குவிஷர்: கடைக்குத்தான் அதிகம் தேவை. துணிக்குத் தண்ணீர் அல்லது ஃபோம், பேனல் பக்கத்தில் ஒரு கார்பன் டை ஆக்சைடு. ஏபிசி பவுடர் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வாங்கிப் படிக்கட்டில் மாட்டுவார்கள். அடித்த மறுகணம் படிக்கட்டே தெரியாது, மூச்சும் முட்டும். 6 கிலோ பவுடர் சுமார் 15 முதல் 20 வினாடிதான் வரும் என்பதையும் கடைக்காரருக்குச் சொல்லி வையுங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு அழுத்தம் காட்டும் கேஜ் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 10 சதவீதம் குறைந்தால் நிரப்ப வேண்டும். அடிக்கும்போது வாயு வெளிவரும் கொம்பைக் கையால் பிடிக்கக் கூடாது, தோல் உறைந்துவிடும். படிக்கட்டுக்கு எக்ஸ்டிங்குவிஷரைவிட எமர்ஜென்சி லைட் முக்கியம். ராத்திரி மெயினை அணைத்துவிட்டு மேலிருந்து கீழே ஒருமுறை நடந்து பாருங்கள், எங்கே கால் தடுமாறுகிறதோ அங்கே ஒன்று. மாதம் ஒருமுறை எரிகிறதா என்று பார்ப்பதோடு, வருடம் ஒருமுறை அதற்குக் குறித்த நேரம் முழுக்க பேட்டரியில் எரிகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

எர்த்_வயர்:

மூன்றாவது கேள்வி பரவாயில்லை ரகம் இல்லை. மற்றதெல்லாம் மதிப்பீட்டில் எழுதிக் கெடு வைக்கலாம், இதை இன்று சாயங்காலத்துக்குள் நிறுத்துங்கள்.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கெட்டுச் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடேற்றும். ஒன்று மாற்றி ஒன்று வெடித்துக்கொண்டே போகும். பல சமயம் முதலில் வருவது தீ அல்ல, எரியக்கூடிய வெள்ளைப் புகை. அது படிக்கட்டு முழுக்க நிரம்பிய பிறகு பற்றலாம். எக்ஸ்டிங்குவிஷர் வெளித்தீயை அடக்கினாலும் உள்ளே சூடு இருக்கும் வரை மறுபடி பற்றும். நாலு வீட்டுக்கும் இருக்கிற ஒரே வழியில், மீட்டர் போர்டை ஒட்டி அதை வைப்பதைவிட மோசமான இடம் அந்தக் கட்டடத்தில் இல்லை.

மாற்று இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போடுவார்கள், அது இன்னும் மோசம். எனவே கட்டடத்துக்கு வெளியே, வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேர் கீழே வராத ஒரு சுவரில், மழை படாமல் ஒரு பாயின்ட் எடுத்துக் கொடுங்கள். தனி எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, வெளிப்புறத்துக்கான மூடியுள்ள சாக்கெட். எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது. சார்ஜர் வண்டியோடு வந்ததாக இருக்க வேண்டும். விழுந்து அடிபட்ட பேட்டரி, உப்பிய பேட்டரி, தண்ணீரில் முழுகியது எதையும் அந்தப் பாயின்ட்டில் மாட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மீட்டர் போர்டை நகர்த்துவது மின்வாரியத்தைக் கேட்காமல் முடியாது. அதுவரை அதைச் சுற்றி எரியாத போர்டில் ஒரு பெட்டி, மூடும் கதவோடு. கேபிள் உள்ளே நுழையும் ஓட்டைகளுக்குத் தணல் சொன்ன சீலன்ட். பெட்டிக்குள் துடைப்பம், பெயின்ட் டப்பா எதுவும் வைக்காதபடி பூட்டி, சாவியைக் கடைக்காரரிடமும் இன்னொன்றை முதல் மாடியிலும் கொடுத்துவையுங்கள்.